பதினாறு சொட்டு

பரதராமியில் எங்கள் மாடிப்படி ஏழாவது வரை தமிழ்நாடு.
எட்டாவதில் ஏறினால் போன் அதிரும்:
ஆந்திரப் பிரதேசத்துக்கு உங்களை வரவேற்கிறோம்.
தினமும் நாலைந்து முறை
என் போன் மட்டும் சித்தூர்ப் பக்கம் போய் வருகிறது.
நான் போனது ஒரே முறை,
பதினோராம் தேதி வியாழன்,
பச்சைக் கோப்பும் கஞ்சி போட்ட சுடிதாருமாக.

ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றார் மேட்ரன் வசுந்தரா.
எட்டாம் நாள் காலை பத்தரைக்குக் கூப்பிட்டேன்.
ஒன்பதுக்கு ரவுண்ட்ஸ், பத்து வரை டிரெஸ்ஸிங்,
பதினொன்றுக்கு டிஸ்சார்ஜ் பில் சண்டை தொடங்கிவிடும்.
நடுவில் ஓர் அரைமணி நாற்காலி கிடைக்கும்
என்பது வார்டில் நின்ற கால்களுக்குத் தெரியும்.

"எவரண்டி?"
எழிலரசி. ஸ்டாஃப் நர்ஸ் இண்டர்வியூவுக்கு வந்த...
"எலிலரசியா?"
ஓர் எழுத்தில் எலியாகிப்போனேன்.
ஆமாம் என்றேன். வேலை வரட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம்.
"மேடம் பிஸி. ரேப்பு சேயண்டி."

ரேப்பு என்றால் நாளை.
வெள்ளிக்கு ரேப்பு சனி.
சனிக்கு ரேப்பு ஞாயிறு, எடுக்க ஆளில்லை.
திங்களன்று வேறு குரல், அதே ரேப்பு.
சும்மா சும்மா கூப்பிட்டா எரிச்சலாயிடுவாங்கடி என்கிறாள் அம்மா.
கூப்பிடலன்னா மறந்துடுவாங்க என்கிறான் அண்ணன்,
மாங்காய் லாரிக்குப் பாக்கி கேட்டுக் கேட்டே
தொண்டை கட்டியவன்.

குடியாத்தம் நர்சிங் ஹோமில் இரண்டு வருஷம் இருந்தேன்.
ஏழாம் பெட் தணிகாசலம் ராத்திரியில் நாலு முறை பெல் அடிப்பார்.
ஓடிப்போய் நின்றால், மணி என்ன சிஸ்டர்?
அவர் தலைமாட்டுச் சுவரிலேயே ஒரு கடிகாரம் இருந்தது.
இதோ வர்றேன் என்று சொல்லிவிட்டு
நான் போகாத ராத்திரிகளும் உண்டு.
எதிர் அறையில் யாருக்காவது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.
சித்தூரில் போன் எடுக்கும் பெண்ணை
அதனால்தான் என்னால் திட்ட முடியவில்லை.
பெல் இப்போது என் கையில்.

ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது இது எதுவுமில்லை.
ஐநூறு மில்லி, எட்டு மணி நேரம்,
நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டார் மேட்ரன்.
இருபத்தொன்று என்றேன், கேள்வி முடியுமுன்.
ஏதோ குறித்துக்கொண்டார்.
திரும்பும் பஸ் செக்போஸ்டில் நின்றபோதுதான் உறைத்தது.
நடுவில் அவர் பதிஹேனு என்றாரே,
பதினைந்து சொட்டு செட்.
எங்கள் ஊர் இருபது செட்டைக் கையோடு கொண்டுபோய்விட்டேன்.
விடை பதினாறு.
நிமிஷத்துக்கு ஐந்து சொட்டு அதிகம்.
முகம் தெரியாத ஒருவரின் நரம்பில்
பன்னிரண்டு நாளாக இறக்கிக்கொண்டே இருக்கிறேன்.

இன்று எட்டாவது படியில் உட்கார்ந்து எழுதினேன்.
தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கி. அழித்தேன்.
குடும்பச் சூழ்நிலை காரணமாக. அதையும்.
கடைசியில் மிஞ்சியது:

மேடம், வணக்கம். பதினோராம் தேதி வந்த எழிலரசி.
சொட்டுக் கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்.
பதினைந்து செட்டுக்குப் பதினாறு.
ஆந்திர கவுன்சில் பதிவுக்குப் பணம் கட்டியாயிற்று,
ரசீது அனுப்பியிருக்கிறேன்.
வேலை வேறொருவருக்குப் போயிருந்தால்
அதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு டிக். சாயங்காலம்தான் நீலமானது.
டைப்பிங் என்று வந்தது. நின்றது.
மறுபடி வந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது:
ஆந்திரப் பிரதேசத்துக்கு உங்களை வரவேற்கிறோம்.

சிரித்துவிட்டேன்.
என்னடி சொல்றாங்க, கீழேயிருந்து அம்மா.
ரேப்பு என்றபடி
பத்தரைக்கு அலாரம் வைத்தேன்.